பிஸ்கட்டுக்குப் பிந்தைய புலி

கோழிக்கூட்டுக்குக் காவல் இருந்தது சூரன் என்ற நாய். ஒருநாள் செவலைக்கோழி குஞ்சுகளோடு மண்ணைக் கிளறியபோது, கடிபட்ட கோழியெலும்பு ஒன்று வெளியே வந்தது. சூரன் ஓடி வந்தது.

"ஆயிரம் வருஷப் பழசு அக்கா! ஏதோ புலி கடிச்சிருக்கும்," என்றது அவசரமாக.

"அப்படியா தம்பி?" கோழி இன்னும் கிளறியது. எலும்புக்கு அடியில் பிஸ்கட் உறை ஒன்று பளபளத்தது. "குஞ்சுகளா, அடியில கிடக்கிறதுதான் முதல்ல புதைஞ்சது. அப்படின்னா, பிஸ்கட்டுக்கு அப்புறம்தான் இந்தப் புலி வந்திருக்கு."

பிறகு எலும்பில் பதிந்த பல்வரிசையை உற்றுப் பார்த்தது. "நடுவுல ஒரு பல் இல்லாத புலி."

குஞ்சுகள் அத்தனையும் சூரனைத் திரும்பிப் பார்த்தன.

"தம்பி, ஒரு கொட்டாவி விடு பார்ப்போம்."

'தூக்கம் வரலையே அக்கா' என்று பல் தெரியாமல் சொல்லப் பார்த்தது சூரன். "ம்ம்... ம்ம்" என்றுதான் வந்தது.