இரண்டு அடி பின்னால்

அறையில் ரூபன், அவனுக்குப் பின்னால் இடது பக்க டிஃபெண்டராக ஆடும் லாசர், கால்பந்து கிளப் மேனேஜர் வசுமதி, கதவருகே ஒரு காவலாளி, மேசைமேல் வீரர்களைத் தரம் பிரித்துச் சம்பளம் போடும் பெட்டி.

ரூபனின் பூட்ஸில் இருந்த கண்காணிப்புச் சில்லு, சீசன் முழுக்க அவன் நின்ற இடங்களைக் கூட்டிச் சராசரி எடுத்திருந்தது. ஃபார்வர்டு என்று கையெழுத்துப் போட்டவன் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு இரண்டு அடி பின்னால் விழுந்திருந்தான். பெட்டி அவனை டிஃபெண்டர் என்றது. அதற்குப் பாதிச் சம்பளம்தான். கிளப் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

"ஏன் இவ்ளோ பின்னாடி ஓடுன?" என்றாள் வசுமதி. "சரியான காரணம் இருந்தா பெட்டி அதக் கழிச்சிடும்."

காரணம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஜனவரியிலேயே லாசரின் முட்டி போய்விட்டது. தெரிந்தால் அவனுடைய ஒப்பந்தம் அன்றே முடியும். அதனால் பதினெட்டு ஆட்டங்களில் அவனுக்கும் சேர்த்து ரூபன் ஓடினான்.

காலையில் ரூபனின் மனைவி எஸ்தர் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாசர் முட்டியைக் கையால் மூடிக்கொண்டான்.

"அவன் முட்டி போச்சு மேடம்," என்றான் ரூபன். "நான்தான் கவர் பண்ணேன்."

பெட்டி அவனை மறுபடி ஃபார்வர்டு ஆக்கியது. லாசரின் பெயரைத் தன் திரையில் இருந்த வீரர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

லாசர் எழுந்தான். இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதால் நன்றாகவே நொண்டினான்.

"இன்னிக்கும் பின்னாடி வருவன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மச்சான்."

கிளப் ஆட்கள் மட்டுமே நுழையக்கூடிய கதவு அது. காவலாளி அவனை வெளியே விட்டு, கதவைச் சாத்திப் பூட்டினான்.