சார்ஜ் ஏறும் வரை

எந்த மாதம் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கார் நீலமா சாம்பலா என்பதும்கூட. அடுத்த வீட்டு வேதவல்லி, பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. சீர்காழியில் அவருடைய தங்கை சாகக் கிடந்தாள். கார் கிளம்பவில்லை. வண்டியை வெளியே எடுக்காமல், அதிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக் கேட்டு அவர் கணவர் சபாநாயகம் பேட்டரியைத் தீர்த்திருந்தார். "என் வண்டியிலேர்ந்து ஒயர் போட்டா ரெண்டு நிமிஷம் சார்" என்றேன். "அடுத்தவன் பேட்டரில என் வண்டி கிளம்பணுமா? அதுக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம்" என்றார். பேட்டரியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்து, விபூதி பூசி, சார்ஜரை மாட்டினார். அவ்வளவு பக்தியை அவர் எந்த மனிதர் மேலும் காட்டி நான் பார்த்ததில்லை. "நான் பஸ்ல போயிடறேங்க" என்றார் வேதவல்லி. "கார் வச்சிருக்கவன் பொண்டாட்டி பஸ்ல போய் நிக்கிறதா? மெதுவா ஏறினாத்தான் அதுக்கு ஆயுசு. போய் உக்காரு, வந்துட்டேன்." அவர் உட்கார்ந்தார். நான் வீட்டுக்குள் போய்ச் செய்தித்தாள் படித்தேன். மூன்று மணிக்குத் தங்கை போய்விட்டதாகப் போன் வந்தது. ஐந்து மணிக்குக் கார் சாவியின் முதல் திருகிலேயே கிளம்பியது. "சத்தத்தக் கேட்டீங்களா சார்!" என்று மதிலுக்கு மேலாக என்னைக் கூப்பிட்டார் சபாநாயகம். வேதவல்லி கதவைத் திறந்து இறங்கி, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். தங்கையை மறுநாள் எரித்தார்கள். வேதவல்லி திரும்பி வரவில்லை. சபாநாயகம் இப்போது ஞாயிறுதோறும் பாட்டுப் போடாமல் என்ஜினை மட்டும் ஓடவிட்டு என்னைப் பார்க்கிறார். சத்தம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்கிறேன்.