மண் மாதிரி

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். அருமைநாயகம் நாற்காலியில், அவன் அம்மா வாசலை மறித்துப் போட்ட கட்டிலில், மனைவி எஸ்தர்மணி ஆணியடித்த சன்னலுக்குக் கீழே, தரையில், பதினான்கு மிளகாய் நாற்றுக் கோப்பைகளோடு. நாற்றெல்லாம் மஞ்சளாகி விரலுயரத்தில் நின்றுவிட்டன. அவள் யோசனை கேட்டு எழுதியிருந்த விவசாயப் பத்திரிகையிலிருந்து பதில் வந்திருந்தது: வெளிச்சம் படுகிறதா? வேர்மண் ஒரு பிடி அனுப்புக.

“சன்னல ஒரு விரக்கடை தெறந்தா போதும்,” என்றாள்.

“தெறந்தா ஒன் ஒப்பாரி தெருவுக்கே கேக்கும்லா!” என்று மாமியார் சிரித்தாள்.

அருமைநாயகம் சிரிக்கவில்லை. எழுந்து வந்து முடியைப் பிடித்து, வாயிலேயே மூன்று குத்து விட்டான். அவள் கோப்பைக்குள் குனிந்து துப்பினாள். ரத்தத்தோடு விழுந்த பல்லை அவர்கள் பார்க்கவில்லை. விரலால் அதை மண்ணுக்குள் அழுத்தினாள்.

பிறகு அந்தக் கோப்பை மண்ணைப் பொட்டலம் கட்டிவிட்டு எழுதினாள்: “ஐயா, வெளிச்சம் படுவதில்லை. மண் இணைத்துள்ளேன். தயவுசெய்து சலித்துப் பார்க்கவும்.” கீழே கதவு எண் வரை முகவரி.

அவள் கடிதம் எதையும் அவன் படிக்காமல் விடமாட்டான். இரண்டு முறை படித்தான். மண் பொட்டலத்தை அமுக்கிப் பார்த்தான்.

“சேத்துக்கெல்லாம் ஒரு கடுதாசியா, ஏட்டி?”

பல் இருந்த குழியை அவள் நாக்கால் தொட்டுக்கொண்டிருந்தாள். அவன் கவரின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, தானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டான்.