நடக்காத விபத்து

சாலை ஆராய்ச்சிக்குப் போன வரிப்பணம் யாரைக் காப்பாற்றியது என்று அரசாங்கத்தின் கணிப்பு இயந்திரம் இப்போது பெயரோடு சொல்லிவிடுகிறது. அந்த ஆளைத் தேடிப்போய்ச் சொல்வதுதான் மெர்லினின் வேலை. அன்று அவள் ஏற்காட்டுப் பாதையில் பஸ் ஓட்டும் செங்கமலத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, மழையில வழுக்காத புதுத் தார் மட்டும் போடலைன்னா, போன ஐப்பசியில உங்க பஸ் பள்ளத்துல உருண்டிருக்கும். நீங்க இருந்திருக்க மாட்டீங்க.”

“எனக்கு ஒண்ணுமே ஆகலையேம்மா!” செங்கமலம் சிரித்தாள்.

“அதுதான்க்கா அந்த ஆராய்ச்சியோட பயன்.”

டி.வி. சத்தத்துக்காகச் சண்டை போட்டு, ஒரு வாரமாகச் செங்கமலத்திடம் பேசாதிருந்த அவள் கணவன் பொன்னுரங்கம் உள்ளேயிருந்து விழுந்தடித்து ஓடிவந்தான். மனைவியின் கையை இறுகப் பற்றிக்கொண்டான்.

“சாப்பிட்டியா செங்கமலம்?”

செங்கமலம் மெர்லினின் காதோரம் குனிந்தாள்.

“மாசம் ஒரு தடவை வந்து இதைச் சொல்லிட்டுப் போம்மா.”