மனுஷன் பக்கத்துக் கிளை

திரையில் மரம் விரிந்ததும் நைரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்ரல் என்ற கடல்பறவையின் குஞ்சு தன் பறவைச் சொந்தங்களோடு இல்லை. மனுஷன் பக்கத்துக் கிளையில் போய் உட்கார்ந்திருந்தது.

மரபணுவை வைத்து, எந்த உயிருக்கு எது நெருங்கிய உறவு என்று கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும் மரம் அது. நடுக்கடலில் ஒரு குட்டித் தீவில் வாழும் இந்தப் பெட்ரல் தனிக் கிளை, தனி இனம் என்று தெரிந்தால்தான், அங்கே முட்டையையும் குஞ்சையும் தின்னும் எலிகளை ஒழிக்க அரசு ஆள் அனுப்பும். இந்த வருஷம் தீவில் பொரித்ததோ ஒரே ஒரு குஞ்சு.

அதன் வாயில் பஞ்சுக்குச்சி விட்டு எச்சில் எடுத்து வந்தவர் ராவிரி. வருஷக்கணக்காகத் தீவுக்குப் போய் வருகிறவர். டனிடின் நகரத்திலிருந்த தன் ஆய்வுக்கூடத்துக்கு அவரை வரச்சொன்னாள் நைரி.

"கையுறை போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்புறம் எப்படி அதுல மனுஷ மரபணு வந்துச்சு?"

ராவிரி குனிந்து தன் ரப்பர் பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினார்.

"உங்க வம்சத்துல யாராச்சும் முட்டையிலேர்ந்து வந்தாங்களா, ராவிரி?" என்று கேட்ட அடுத்த மேஜை கிர்ஸ்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

நைரி சிரிக்கவில்லை. "மட்டன் பஃப்ஸ் தின்னுக்கிட்டே குச்சியப் பிடிச்சீங்களா? இல்ல, தும்மித் தொலைச்சீங்களா? வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்."

"தப்பு என்னோடதுதான்."

"ஒரு வருஷ வேலை போச்சு. அடுத்த தடவை படகுல உங்களுக்கு இடம் இல்ல."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே மனசு கேட்கவில்லை. அந்தத் தீவை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

"சரி" என்று கிளம்பியவர், கதவருகே நின்றார்.

"அந்தக் குஞ்சு என்னாச்சு? இருக்கா?"

"போன வாரமே கடலுக்குப் பறந்துடுச்சு. பொந்து வாசல் கேமராவுல பதிஞ்சிருக்கு. ஏன்?"

அந்த ஆறடி மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அது பிழைக்கலைன்னா, சொல்லி என்ன பிரயோஜனம்னு இருந்துட்டேன். காட்டுப் பறவை மேல வாய் வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவங்க வேற நீங்க. அன்னிக்குப் பொந்து முழுக்க மழைத்தண்ணி. குச்சியை எடுக்கறதுக்கு முன்னாடியே அதுக்கு மூச்சு நின்னுடுச்சு. அலகை என் வாய்க்குள்ள வெச்சு ஊதினேன், நைரி."