மூன்றாம் நாள் எதிர்ப்பு

"ரெண்டு நாளாச்சும்மா. ஒருத்தன்கூட பாதியில எழுந்து போகலை. கடைசியில கைதட்டுறாங்க! அசிங்கமா இல்ல?"

இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். எல்லாருக்கும் அவர் 'புரட்சி'. அவருடைய அரங்கத்தில் புது நாடகம் போட்டால் மூன்று நாளுக்குள் யாராவது கொதித்தெழ வேண்டும். செருப்பு பறந்தால் உத்தமம். ஒன்றுமே நடக்கவில்லையா, நாடகத்தைத் தூக்கிவிடுவார்.

எழுதியவளுக்கு இது ஆறு வருஷம் அலைந்து மேடையேறிய முதல் நாடகம். மகளை வாயே திறக்க விடாத ஓர் அப்பாவின் கதை.

"நல்லா இருக்குன்னுதானே சார் தட்டுறாங்க?"

"நல்லா இருக்கிறதுக்கு நாம எதுக்கும்மா? இன்னிக்கும் சண்டை வரலைன்னா நாளைக்கு வேற நாடகம்!"

அன்று மாலையே சண்டை வந்தது. அரங்க வாசலில், கையில் அட்டையோடு, ஒற்றை ஆளாக.

அவளுடைய அப்பா.

"தடை செய்! பெத்தவனைக் கேவலப்படுத்துற நாடகத்தைத் தடை செய்!"

ஓடி வந்தாள். "அப்பா, மானத்தை வாங்காதீங்க! வீட்டுலதான் பேச விடலை, இங்கேயுமா?"

"நீ உள்ளே போ!" என்றவர், நாலு பேர் கூடியதும் எட்டுக்கட்டைக்குத் தாவினார். "ஒரு பொண்ணு பேசுற பேச்சா இது? காது கூசுது!"

'என்னவாம்?' என்று நின்றவர்கள், 'அப்படி என்னத்தைத்தான் பேசுறா?' என்று டிக்கெட் வாங்கினார்கள். அரைமணியில் அரங்கு நிறைந்துவிட்டது. நிருபர்கள் வேறு வந்துவிட்டார்கள்.

புரட்சி கேமரா முன் நெஞ்சை நிமிர்த்தினார். "உயிரே போனாலும் இந்த நாடகம் நிற்காது! இன்னும் ஒரு மாசம் நடக்கும்!" யாருடைய உயிர் என்று மட்டும் சொல்லவில்லை.

நாடகம் முடிந்து அவள் வெளியே வந்தபோது, அப்பா படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"திருப்தியாப்பா? ஒரு காட்சியாவது பார்த்துட்டுத் திட்டியிருக்கலாம்ல?"

"ரெண்டு நாளும் கடைசி வரிசையில உட்கார்ந்து பார்த்தேன்." தொண்டை கட்டிப்போயிருந்தது. "அந்த அப்பா வேஷக்காரன், படவா, அப்படியே என்னை மாதிரியே கத்துறான். டிக்கெட் கொடுக்கிற அம்மாதான் சொன்னாங்க, எதிர்ப்பு வரலைன்னா தூக்கிடுவாங்கன்னு."



அப்பா அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"சரி, நாளைக்கு எத்தனை மணிக்கு வந்து கத்தணும்?"