இரண்டாவது கூண்டு

பணி ஓய்வு நாளன்று டாக்டரம்மா ஆய்வுக்கூடத்து மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி, ஒரே இலையோடு ஒன்பது வருடம் மல்லுக்கட்டியவர்.

“ரெண்டு கூண்டு எலிக்கும் புத்துக்கட்டி வர்றதுக்கான நஞ்சைக் கொடுத்தோம். முதல் கூண்டுக்கு மட்டும் இலைச்சாறு. சாறு குடிச்சதுக்கும் கட்டி வரலை, குடிக்காததுக்கும் வரலை. மூணு தடவை நஞ்சை மாத்தியும் அதே கதைதான். இலையில ஒண்ணுமில்லேன்னு எழுதிக் கொடுத்துட்டேன் அண்ணே.”

எலிகளைப் பார்த்துக்கொள்பவர் தலையைச் சொறிந்தார்.

“இன்னைக்கும் சொல்லலேன்னா மனசு கேக்காதும்மா. முதல் கூண்டுக்குச் சாறு ஊத்துறப்ப, ரெண்டாவது கூண்டு எலிங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் பார்க்கும். நீங்க வீட்டுக்குப் போனதும் அதுங்களுக்கும் ஊத்திடுவேன். ஒரு நாள்கூடத் தவறினதில்ல.”